துறை மாற நினைத்தேன், விலையைக் கேட்டு நின்றுவிட்டேன்

சென்ற ஆண்டு மே மாதம். முதலாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு பல்கலைக்கழக அலுவலகத்தில் வரிசை எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறியியல் படிப்பிலிருந்து விலக என்ன படிவம் நிரப்ப வேண்டும் என்று கேட்கத்தான் போயிருந்தேன். வேறொரு பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த இடத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல இன்னும் ஐந்து நாள் கெடு இருந்தது. வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

முகப்பில் இருந்த அதிகாரி பொறுமையானவர். படிவத்தை எடுத்துத் தருவதற்கு முன்னால், “புதுப் படிப்பின் கட்டணத்தைப் பற்றி விசாரித்துவிட்டீர்களா?” என்று கேட்டார். இதே கட்டணம்தானே என்றேன். அவர் ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் எழுதிக் காட்டினார். நான் ஏற்கெனவே இரண்டு பருவங்கள் அரசாங்க மானியத்தில் படித்துவிட்டேன். அதனால் புதுப் படிப்பில் அதே அளவுக்கு, அதாவது முதல் இரண்டு பருவங்களுக்கு, மானியம் இல்லை. முழுக் கட்டணம் கட்ட வேண்டும். மூன்றாம் பருவத்திலிருந்துதான் மானியம் மீண்டும் வரும். அந்த ஓர் ஆண்டில் எங்கள் வீடு கூடுதலாகப் புரட்ட வேண்டிய தொகை 20,000 வெள்ளியைத் தாண்டியது.

படிவத்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் கதையைச் சொல்லி அனுதாபம் தேடுவதற்காக இதை எழுதவில்லை. இப்போது இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறேன், தேர்ச்சியும் பெறுகிறேன். ஆனால் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் தம்பி தங்கைகள் பலருக்கு இப்படியொரு விதி இருப்பதே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. இந்த விதியை ஓரளவு தளர்த்த வேண்டும் என்று நான் நினைப்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறேன்.

கையெழுத்துப் போடாத மானியம்

சிங்கப்பூரில் கல்விக் கட்டண மானியத் திட்டம் 1980ஆம் ஆண்டில் தொடங்கியது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முழுநேர டிப்ளோமா படிப்பவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில் முழுநேரப் பட்டப்படிப்புப் படிப்பவர்களுக்கும் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. கலை, அறிவியல், பொறியியல் போன்ற துறைகளில் ஒரு சிங்கப்பூர்க் குடிமகன் ஆண்டுக்குக் கட்டுவது 8,000 வெள்ளியைத் தாண்டும். மானியம் இல்லாவிட்டால் அது மூன்று மடங்குக்கும் மேலாகிவிடும்.

இவ்வளவு பெரிய உதவி கிடைப்பது நம்மில் பலருக்கு உறைப்பதே இல்லை. காரணம் எளிது. என்னோடு படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் மானியம் பெறுவதற்காக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். படித்து முடித்த பின் மூன்றாண்டுகள் இங்கே வேலை செய்வதாக அவர்கள் வாக்களிக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு நிபந்தனையையும் படித்து வைத்திருக்கிறார்கள். என் அறைத் தோழி இந்தோனீசியாவிலிருந்து வந்தவள். “பாதியில் விலகினால் என்ன ஆகும்?” என்று கேட்டால், தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். குடிமக்களான நாம் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. மானியம் தானாகவே வந்து கட்டணத்தில் கழிந்துவிடுகிறது. பட்டியலின் கடைசி வரியில் இருக்கும் தொகையைப் பார்க்கிறோம், “அப்பாடா, இவ்வளவா!” என்று மலைக்கிறோம், கட்டிவிடுகிறோம். கழிக்கப்பட்ட தொகை எவ்வளவு, அது எத்தனை பருவங்களுக்கு என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

எட்டுப் பருவக் கணக்கு

விதியின் அடிப்படை புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. ஒருவருக்கு ஒரு பட்டப்படிப்புக்கு அரசாங்கம் உதவும். அதுவும் அந்தப் படிப்புக்குரிய வழக்கமான கால அளவுக்கு மட்டும். நான்கு ஆண்டுப் படிப்பு என்றால் எட்டுப் பருவங்கள். அவற்றில் இரண்டைப் பொறியியலில் செலவழித்துவிட்டு வேறு படிப்பில் புதிதாகச் சேர்ந்தால், கையில் மிச்சம் இருப்பது ஆறுதான். பட்டம் வாங்கினோமா இல்லையா என்பது இங்கே கணக்கில்லை. வகுப்பில் உட்கார்ந்த பருவங்கள்தான் கணக்கு.

நியாயமாகப் பார்த்தால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. துறை மாறாத என் தோழனுக்கும் மாறிய எனக்கும் பொதுப்பணத்திலிருந்து கிடைப்பது அதே எட்டுப் பருவங்கள். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விதியை வகுத்தவர்களை நான் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் தாளில் நேர்மையாக இருக்கும் கணக்கு, வீட்டுக்கு வீடு வேறு மாதிரி இறங்குகிறது. முதல் ஆண்டில் என்னோடு ஒரே குழுவில் இருந்த ஒரு தோழிக்கும் பொறியியல் பிடிக்கவில்லை. என்னைப் போலவே அவளும் வேறு பல்கலைக்கழகத்தில் வேறு துறையில் இடம் வாங்கினாள். அதே விதி அவளுக்கும் இருந்தது. அவளுடைய பெற்றோர் முழுக் கட்டணத்தையும் கட்டினார்கள். இன்று மகிழ்ச்சியாகப் படிக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. பொறாமை கொஞ்சம் உண்டு, அதை மறைப்பானேன்?

எங்கள் வீட்டில் என்ன நடந்தது? அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா பாலர் பள்ளியில் உதவியாளர். அடுத்த ஆண்டு தம்பியும் மேற்படிப்புக்கு வருகிறான். அன்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய தண்ணீர்க் கட்டண உறை ஒன்றின் பின்பக்கத்தில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போய்விட்டார். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, “ரெண்டு வருஷம் ஓய்வு நாள்லயும் வண்டி எடுத்தா சமாளிச்சிடலாம்னு நினைக்கிறேன்மா, நீ என்ன சொல்ற?” என்று கேட்டார். வேண்டாம்ப்பா என்றேன். ஐந்தாவது நாள் அந்த இடம் கைவிட்டுப் போனது.

ஆக, இந்த விதி இருவரையும் ஒரே மாதிரி தடுக்கவில்லை. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஓர் அபராதம். கட்டிவிட்டுக் கடந்து போகலாம். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பூட்டிய கதவு.

கடன் வாங்கிப் படிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கல்விக் கட்டணக் கடன் திட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் 90 விழுக்காடு வரை கடன் பெறலாம். படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. நல்ல திட்டம்தான். ஆனால் அந்த 90 விழுக்காடு எதில் என்று பாருங்கள். சிங்கப்பூர்க் குடிமக்கள் கட்டும் மானியக் கட்டணத்தில் 90 விழுக்காடு. முழுக் கட்டணத்தில் அல்ல. மானியம் இல்லாமல் போகும் அந்த இரண்டு பருவங்களில்தான் கடன் நமக்கு மிகவும் தேவை. அப்போதுதான் அது எட்டாத உயரத்தில் நிற்கிறது. அதுவும் முழுக் கட்டணம் கேட்கப்படுவது புதுப் படிப்பின் தொடக்கத்தில். வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டலாம் என்பதற்கும் வழியில்லை.

யாருடைய முடிவு அது?

“சேரும்போதே யோசித்திருக்க வேண்டும்” என்று ஒரு மாமா சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவை நாம் எந்த நிலையில் எடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் பிப்ரவரி மாதப் பிற்பகுதியில் வருகின்றன. பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கச் சில வாரங்களே இருக்கின்றன. பள்ளியில் கல்வி, வாழ்க்கைத்தொழில் ஆலோசகர் இருக்கிறார். திறந்தவெளி நாள்கள் நடக்கின்றன. ஆனாலும் பெரும்பாலானவர்கள் கடைசியில் பார்ப்பது, “என் மதிப்பெண்ணுக்கு எது கிடைக்கும்?” என்பதைத்தான். எனக்குக் கணிதமும் இயற்பியலும் நன்றாக வந்தன. பொறியியல் கிடைத்தது. உறவினர்கள் எல்லாரும் வாழ்த்தினார்கள். நம் வீடுகளில் மருத்துவம், சட்டம், பொறியியல் என்றால் கேள்வி கேட்க ஆளிருக்காது. சமூகப் பணி என்றால், “அதில் என்ன சம்பளம் வரும்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

தேசிய சேவை செய்யும் அண்ணன்மார்களின் நிலை இன்னும் விநோதமானது. சேவைக்குப் போகும் முன்பே விண்ணப்பித்து இடத்தை ஒதுக்கி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்து அந்த இடத்தில் அமர்கிறார்கள். சேவைக்குப் போன பையனும் திரும்பி வந்த இளைஞனும் ஒரே ஆள்தானா? அந்த இரண்டு ஆண்டுகளில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றியவருக்குத் தாதிமையில் ஆர்வம் வந்திருக்கலாம். ஆனால் அவர் பெயரில் காத்திருப்பது பழைய தேர்வு.

எனக்கு அந்த மாற்றம் ஒரு டிசம்பர் விடுமுறையில் வந்தது. வீட்டுக்கு அருகில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் தொண்டூழியம் செய்யப் போனேன். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி, தமக்கு வந்த கடிதங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். படித்துக் காட்ட ஆளில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னோம். அவற்றில் ஒன்று, அவருக்குச் சேர வேண்டிய ஓர் உதவித்தொகையைப் பற்றியது. அங்கிருந்த சமூக ஊழியர் அதை வாங்கிக் கொடுக்க எத்தனை அழைப்புகள் செய்தார், எப்படிப் பேசினார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று அன்று தோன்றியது. பதினெட்டு வயதில் விண்ணப்பப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்தபோது அப்படியொரு வேலை இருப்பதே எனக்குச் சரியாகத் தெரியாது.

நாற்பதில் உண்டு, பத்தொன்பதில் இல்லை

துறை மாறுவது வாழ்க்கையில் இயல்பு என்பதை நம் நாடு ஏற்றுக்கொள்ளாமல் இல்லை. சொல்லப்போனால், நன்றாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ஸ்கில்ஸ்ஃபியூச்சர் மேம்பாட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு அதே ஆண்டு மே மாதம் 4,000 வெள்ளி கூடுதல் பற்று வழங்கப்பட்டது. அதோடு, 2025 கல்வியாண்டு முதல் அவர்கள் இன்னொரு முழுநேர டிப்ளோமா படிக்கவும் மானியம் உண்டு. முன்பே மானியத்தில் படித்து முடித்தவர்களுக்கும்கூட இரண்டாம் வாய்ப்புக் கிடைக்கிறது. என் பெரியப்பா அந்த வயதில் இருக்கிறார். அவருக்கு இது கிடைப்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

பல்கலைக்கழகங்களும் மாறி வருகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல், அறிவியல் கல்லூரியில் 2021ஆம் ஆண்டு முதல் சேரும் மாணவர்கள் பொதுப் பாடங்களைப் படித்துப் பார்த்த பின் முதன்மைத் துறையை முடிவு செய்யலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் பொறியியல், வணிகம், தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றுக்குப் பொது நுழைவுத் திட்டங்கள் இருக்கின்றன. முதலில் சேருங்கள், சுவைத்துப் பாருங்கள், பிறகு குறிப்பிட்ட படிப்பைத் தேர்ந்தெடுங்கள் என்பதே அவற்றின் நோக்கம். இளையர்களுக்குத் தங்கள் விருப்பம் தெரியக் காலம் பிடிக்கும் என்பது இவற்றை அமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் இந்த நெகிழ்வு எல்லாம் ஒரே கல்லூரியின் வேலிக்குள்தான். நீங்கள் விரும்பும் துறை அந்த வேலிக்கு வெளியே இருந்தால் கதை மாறிவிடுகிறது. நாற்பது வயதில் பாதையை மாற்றுபவரை நாடு கைதூக்கி விடுகிறது. பத்தொன்பது வயதில், இன்னும் பாதையில் நான்கு அடிகூட வைக்காதவர் மாற நினைத்தால் ஓர் ஆண்டு முழுக் கட்டணம் கேட்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் பொருந்தவில்லை. தவறான துறையில் படித்து, பிடிக்காத வேலையில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு, நாற்பதில் மானியம் பெற்று மாறுவதைவிட, பத்தொன்பதில் மாறிக்கொள்வது நாட்டுக்கும் சிக்கனம் அல்லவா?

மறுபக்கத்தையும் பார்ப்போம்

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை என் விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள்.

முதல் கேள்வி: “உன் இடத்துக்காக ஏங்கிக் கிடைக்காமல் போன ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு என்ன பதில்?” உண்மைதான். ஓராண்டு கழித்து நான் விலகினால் அந்த இடம் காலியாகவே மூன்றாண்டுகள் நகரும். அதற்கு அரசாங்கம் செலவழித்த பணமும் திரும்பாது. அந்தப் பணம் வரி கட்டுபவர்களுடையது. பொருள் சேவை வரியாக என் அப்பாவும் கட்டியிருக்கிறார்.

இரண்டாவது கேள்வி: “தடை இல்லாவிட்டால், கணக்குப் பாடம் கொஞ்சம் கடினமானதும் எல்லாரும் ஓடிவிட மாட்டார்களா?” இதிலும் உண்மை உண்டு. முதல் ஆண்டில் சிரமப்பட்டு, இரண்டாம் ஆண்டில் அதே துறையை நேசிக்கத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கே இந்தப் பருவத்தில் முதியவர்களுக்கான நடமாட்டச் சாதனங்களை வடிவமைக்கும் ஒரு பாடம் மிகவும் பிடித்திருக்கிறது.

அதனால்தான் விதியையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றால் அது பொதுப்பணத்துக்கு மரியாதை இல்லை. நான் கேட்பது மூன்றே மூன்று.

முதலாவது, ஒரே ஒரு முறைக்கான சலுகை. முதல் ஆண்டுக்குள், ஆலோசகரைச் சந்தித்த பின், ஒருவர் முதல்முறையாகப் படிப்பை மாற்றினால், செலவழித்த பருவங்களை அவர் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டாம் முறை மாறினால் இப்போதைய விதியே இருக்கட்டும். இது உலகத்தில் இல்லாத யோசனை அல்ல. இங்கிலாந்தில் கட்டணக் கடனுக்கு நெடுநாளாக ஒரு சூத்திரம் பயன்பட்டு வந்திருக்கிறது. படிப்பின் ஆண்டுகளோடு ஒன்றைக் கூட்டி, முன்பு படித்த ஆண்டுகளைக் கழிப்பார்கள். மூன்று ஆண்டுப் படிப்புக்கு நான்கு ஆண்டுக் கணக்கு. ஒருவர் ஓர் ஆண்டு வேறு துறையில் படித்துவிட்டு மாறினாலும் அவருடைய புதுப் படிப்பு முழுவதற்கும் கடன் கிடைத்துவிடும். அது கடன், நம்முடையது மானியம். இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் ஒருவர் ஒருமுறை தவறலாம் என்பதை அந்தச் சூத்திரத்திலேயே ஓர் எண்ணாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, அந்தச் சலுகை கூடாது என்றால், கடனையாவது திறந்துவிடுங்கள். முதல்முறை மாறுபவருக்கு மட்டும், மானியம் இல்லாத பருவங்களின் முழுக் கட்டணத்துக்கும் கல்விக் கட்டணக் கடன் கிடைக்கட்டும். வேலைக்குப் போன பின் நாங்கள் திருப்பிக் கட்டுகிறோம். இதில் அரசாங்கத்தின் மானியச் செலவு ஒரு காசுகூடக் கூடாது. எட்டுப் பருவக் கணக்கு அப்படியே இருக்கும். என் தோழிக்கும் எனக்கும் நடுவில் இருந்த அந்தக் கதவு மட்டும் திறக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் எளிதானது. இடம் கிடைத்ததாக வரும் கடிதத்தின் முதல் பக்கத்தில் நான்கு வரிகள் எழுதுங்கள். உங்களுக்கு இத்தனை பருவங்களுக்கு மானியம். அதன் மதிப்பு இவ்வளவு. இந்தத் தேதிக்குப் பிறகு விலகினால் அந்தப் பருவம் கணக்கில் சேரும். சந்தேகம் இருந்தால் இங்கே கேளுங்கள். விவரம் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது என்பது பதிலாகாது. வெளிநாட்டு மாணவருக்குக் கையெழுத்து வாங்கும்போது விளக்குகிறோம். நம் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் விளக்கலாமே.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை

விதி மாறும்வரை காத்திருக்க முடியாது. இப்போது கடிதங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும், முதல் ஆண்டில் மனம் குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்கும், நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகம் இருந்தால் பருவம் தொடங்கிய முதல் சில நாள்களிலேயே அலுவலகத்துக்குப் போங்கள். விலகுவதற்கான கெடுத் தேதி ஒவ்வொரு கல்வி நிலையத்துக்கும் வேறுபடும். அந்தத் தேதிக்கு முன்பு விலகுவதற்கும் பின்பு விலகுவதற்கும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம். நான் முதல் பருவத்தின் பாதியிலேயே சந்தேகப்பட்டேன். “இன்னும் ஒரு பருவம் பார்ப்போமே” என்று தள்ளிப்போட்டேன். அந்த ஒரு பருவத்தின் விலை என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தால் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன்.

நீங்கள் விரும்பும் துறை உங்கள் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளேயே மாற வழி இருந்தால், படித்து முடித்த பாடங்களில் எத்தனை புதுப் படிப்பில் ஏற்றுக்கொள்ளப்படும் என்று கேளுங்கள். எத்தனை பாடங்கள் ஏற்கப்படுகின்றனவோ, அத்தனைக்குப் படிப்புக் காலம் நீளாமல் இருக்கும். காலம் நீண்டால் அந்தக் கூடுதல் பருவங்களுக்குக் கட்டணம் எப்படி என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

முடிவெடுக்க அவகாசம் வேண்டுமென்றால், படிப்பிலிருந்து தற்காலிக விடுப்பு எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். குழப்பத்தோடு ஒரு பருவத்தைச் செலவழிப்பதைவிட அது நல்லதாக இருக்கலாம்.

உதவி நிதி, உபகாரச் சம்பளம், சிண்டா போன்ற அமைப்புகளின் உதவி என எதைப் பெற்றுக்கொண்டிருந்தாலும், அது உங்களோடு புதுப் படிப்புக்கு வருமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று வரும், இன்னொன்று வராது என்பதும் நடக்கும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்க உதவி நிதி 2020 கல்வியாண்டிலிருந்து உயர்த்தப்பட்டிருக்கிறது. பொதுப் பட்டப்படிப்புக் கட்டணத்தில் 75 விழுக்காடு வரையிலும், டிப்ளோமா கட்டணத்தில் 95 விழுக்காடு வரையிலும் அது ஈடுசெய்யும். அதை இழக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

கடைசியாக, பதிலை மின்னஞ்சலில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். மூத்த மாணவர் சொன்னார், வாட்ஸ்அப் குழுவில் படித்தேன் என்பதை நம்பி 20,000 வெள்ளி முடிவை எடுக்காதீர்கள். ஒவ்வொருவரின் கணக்கும் வேறு. எத்தனை பருவம், எந்தப் படிப்பு, குடிமகனா, நிரந்தரவாசியா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் பேசுங்கள். நான் அப்பாவிடம் முதலில் சொல்லத் தயங்கினேன். பொறியியலை விடுகிறேன் என்றால் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் உடைந்துபோகவில்லை. ஓய்வு நாளில் வண்டி எடுக்கிறேன் என்றார். முன்பே பேசியிருந்தால் இருவரும் சேர்ந்து அந்த அலுவலகத்துக்கு அக்டோபரிலேயே போயிருப்போம்.

நான் இப்போது படிக்கும் துறையில் தொடர்வேன். சனிக்கிழமைகளில் இன்னும் அந்த மூத்தோர் நிலையத்துக்குப் போகிறேன். பாட்டியின் பிஸ்கட் டப்பாவில் கடிதம் சேராமல் பார்த்துக்கொள்கிறோம். பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகு என் சொந்தக் காசில் சமூகப் பணி படிக்கலாம் என்று ஒரு திட்டமும் இருக்கிறது. என் வாழ்க்கை கெட்டுப்போய்விடவில்லை.

ஆனால் பொறியியலில் தொடர்வது நான் யோசித்து எடுத்த முடிவல்ல. பென்சிலால் எழுதப்பட்ட ஒரு தொகை எடுத்த முடிவு. அடுத்து அந்த முகப்பில் வரிசை எண்ணோடு உட்காரப்போகும் மாணவர், தம் அப்பாவின் சம்பளத்தை வைத்து அல்லாமல் தம் விருப்பத்தையும் திறமையையும் வைத்து முடிவெடுக்கட்டும். கல்வி அமைச்சு இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.